சோலையின் நீலப் பாடகன்

பறவைகள் என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருபவை காக்கையும் குருவியும், மயிலும் குயிலும், புறாவும் பச்சைக்கிளியுமே. இவை நம் முற்றத்திலும் பாட்டிலும் பழமொழியிலும் இடம் பிடித்துக் கொண்டவை. ஆனால், எந்தப் பழமொழியிலும் இடம் பெறாமல், பெரும்பாலோர் கண்ணிலும் படாமல், நம் மலைமுகடுகளிலே ஒரு சிறு பறவை வாழ்ந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அதனைக் காண இயலாது. ஆப்பிரிக்கக் காடுகளில் தேடினாலும் இல்லை. இமயமலையில் தேடினாலும் இல்லை. அதன் பெயர் சோலைக்கிளி. இன்று அதனைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கிளி என்றவுடன் பச்சை நிறமும், வளைந்த சிவந்த மூக்கும் உங்கள் மனக்கண்ணில் தோன்றியிருக்கும். இது அந்தக் கிளி அன்று. அந்தக் கிளிக்கு உறவும் அன்று. நம் அண்டை மொழியாகிய மலையாளத்தில் 'கிளி' என்ற சொல் சிறு பறவைகளுக்கெல்லாம் பொதுவாக வழங்குகிறது. அந்தப் பொருளிலேயே, சோலையில் வாழும் சிறு பறவை என்று கருதி, இதற்குச் சோலைக்கிளி என்று பெயர் வைத்தனர். ஆங்கிலத்தில் எழுதும் அறிஞர்களும் இப்போது 'ஷோலாகிளி' என்றே எழுதுகின்றனர். 'ஷோலா' என்பதோ நம்முடைய 'சோலை' தான். தமிழ்ச் சொல் ஒன்று உலக அறிவியலின் அகராதியில் ஏறி அமர்ந்திருக்கிறது என்பதில் நாம் சற்றே பெருமை கொள்ளலாம்.

சோலை என்றால் என்ன? ஊரில் நாம் தென்னஞ்சோலை என்கிறோம், மாஞ்சோலை என்கிறோம். ஆனால் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் உச்சியில் சோலை என்பது ஒரு தனிவகைக் காட்டின் பெயர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் ஏறிய பிறகு, மலையின் தோற்றமே மாறிவிடுகிறது. எங்கும் அலையலையாகப் புல்வெளி. அந்தப் புல்வெளியின் மடிப்புகளில், நீர் ஓடும் பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாக அடர்ந்த காட்டுத் திட்டுகள். பச்சைச் சேலையின் மடிப்பிலே கரும்பச்சைக் கரை பதுங்கியிருப்பது போல அவை தோன்றும். அந்தத் திட்டுகளே சோலைகள்.

புல்வெளியில் மரம் ஏன் பரவவில்லை என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். மார்கழி, தை மாதங்களில் அந்தத் திறந்த வெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அந்தப் பனியில் கருகிப் போகின்றன. பள்ளத்தில், தாய் மரங்களின் நிழலில் முளைத்த கன்றுகளோ பிழைத்துக் கொள்கின்றன. இது புல்வெளி நிலைத்திருப்பதற்கான முக்கியமான காரணங்களுள் ஒன்று. எனவே சோலை தானாக விரிந்து பரவுவது அரிது. ஒரு சோலையை வெட்டிவிட்டால், அது திரும்பி வளர நம் ஆயுள் போதாது. இதனைப் பின்னர் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

சோலைக்குள் நுழைவது ஒரு பழைய கோயிலின் உள்மண்டபத்தில் நுழைவதை ஒக்கும். வெளியே கண்கூசும் வெயில் அடித்தாலும் உள்ளே மங்கிய ஒளிதான். மரங்கள் மிக உயரமானவை அல்ல. காற்றுக்கும் குளிருக்கும் குனிந்து, முறுக்கேறி, கிளைகளெல்லாம் பாசி போர்த்து நிற்கின்றன. நாவல் இனத்து மரங்கள், காட்டுச் செண்பகம், செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு ஆகியவை அங்கே உண்டு. கிளைகளில் ஆர்க்கிட் செடிகளும், பெரணிகளும் தொற்றி வளர்கின்றன. மழை இல்லாத நாளிலும் மேகம் வந்து மரங்களினூடே தவழ்கிறது. அந்த ஈரம் இலையிலும் பாசியிலும் படிந்து, துளித்துளியாகத் தரையில் சொட்டுகிறது. தரை முழுவதும் மட்கிய இலை மெத்தை. அந்த மெத்தை ஒரு பஞ்சைப் போல் நீரைக் குடித்து வைத்துக் கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விட்டுக் கொடுக்கிறது. இந்த மங்கிய ஒளியும், ஈரமும், இலை மெத்தையும்தான் நமது சோலைக்கிளியின் உலகம்.

இனி, பறவையைப் பார்ப்போம். நீலகிரியில் வாழும் சோலைக்கிளி ஏறத்தாழச் சிட்டுக்குருவியின் அளவே இருக்கும். ஆனால் கால்கள் குருவியின் கால்களைவிட நீளமானவை, வால் குட்டையானது. நின்ற நிலையில் நிமிர்ந்து, மார்பை முன்னே தள்ளி, ஒரு சிறு காவற்காரனைப் போல் தோன்றும். தலை, முதுகு, மார்பு எல்லாம் கருநீலம். இரு விலாக்களிலும் செங்காவி நிறம் படர்ந்திருக்கும். வயிற்றின் நடுவில் வெண்மை. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே மை தீட்டியது போல் ஒரு கரும்பட்டை; அதன்மேல் மெல்லிய வெளிறிய புருவம். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்று போலவே இருப்பதால், பார்வையால் மட்டும் பிரித்தறிவது எளிதன்று.

இவ்வளவு அழகிய நிறங்கள் இருந்தும் அது ஏன் நம் கண்ணில் படுவதில்லை? இங்கே ஓர் இயற்பியல் பாடம் அடங்கியிருக்கிறது. பறவையின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று இருப்பதில்லை என்றே கூறலாம். இறகின் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிக்கும்போது நீல ஒளி மட்டும் மிகுந்து நம் கண்ணை வந்தடைகிறது. வெயிலில் அந்த இறகு பளிச்சிடும். நிழலில் கறுத்துப் போகும். சோலையின் இருளில், நம் பறவை கறுத்த வேரோடு வேராக, ஈரக் கல்லோடு கல்லாகக் கலந்துவிடுகிறது. இலைகளின் இடுக்கு வழியே ஒரு கீற்று வெயில் அதன்மேல் விழும்போது மட்டும், யாரோ நீல விளக்கை ஏற்றி அணைத்தது போல ஒரு கணம் ஒளிர்ந்து மறைகிறது.

அதன் பழக்கங்களும் அதனை மறைக்கவே உதவுகின்றன. பெரும்பாலும் அது தரையிலும், தரையை ஒட்டிய புதர்களிலுமே வாழ்கிறது. மரத்தின் உச்சிக்குப் போவதில்லை. திறந்த வெளிக்கு வர அஞ்சுகிறது. விடியலிலும் அந்திப் பொழுதிலுமே அது மிகுந்த சுறுசுறுப்புடன் நடமாடும். விழுந்த மரத்தின் மீதோ, வேரின் மீதோ அசையாமல் நின்று சுற்றிலும் நோக்கும். பிறகு இரண்டு மூன்று தாவலில் ஓரிடத்தை அடைந்து, மட்கிய இலையைப் புரட்டிப் பூச்சியையோ புழுவையோ கொத்தும். மீண்டும் நிற்கும், மீண்டும் நோக்கும். காட்டின் தரையில் நாம் குப்பை என்று நினைக்கும் அந்த இலைகளே அதற்கு அட்சய பாத்திரம். அந்தக் குப்பையை அகற்றிவிட்டால் அதற்கு அன்றாட உணவு இல்லை.

நான் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியில் ஒரு சித்திரை மாதத்து விடியற்காலையில் சோலையோரமாக நடந்ததுண்டு. என்னுடன் வந்தவர் அந்தக் காட்டிலேயே முதுமையடைந்த வனக் காவலர் ஒருவர். நான் தொலைநோக்கியைக் கண்ணில் பொருத்திக் கொண்டு புதரையெல்லாம் துழாவிக் கொண்டிருந்தேன். அவர் சிரித்துக் கொண்டே, "ஐயா, இதைக் கண்ணால தேடக் கூடாதுங்க, காதால தேடணும். கொஞ்சம் சும்மா உட்காருங்க" என்றார். அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். காட்டில் ஓசை அடங்கியிருந்தது. இலையிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில், மிக அருகில், புதரின் அடியிலிருந்து ஒரு பாட்டு எழுந்தது.

அந்தப் பாட்டை எப்படி விவரிப்பது? முதலில் ஒரு தெளிவான சீழ்க்கை. பிறகு அது படியேறுகிறது. உடைந்து பல துணுக்குகளாகச் சிதறுகிறது. மறுபடி ஒன்று கூடுகிறது. ஒரே வரியை இயந்திரம் போல் அது திருப்பித் திருப்பிப் பாடவில்லை. ஒரு முறை வந்த வரி அடுத்த முறை வேறு முடிப்புடன் வருகிறது. இசை பயின்ற நண்பர்கள் இதனைக் கேட்டால், ஒரு பல்லவியை எடுத்துக் கொண்டு சங்கதி மேல் சங்கதியாகப் போட்டுப் பாடும் வித்துவானை நினைத்துக் கொள்வார்கள். பாட்டு நின்ற பிறகுதான் பறவை எங்களுக்கு நான்கு அடி தூரத்தில், ஒரு வேரின் மீது நின்றிருந்ததைக் கண்டேன்.

பறவைகள் பாடும் விதம் விந்தையானது. நமக்குக் குரல்வளை தொண்டையின் மேற்பகுதியில் இருக்கிறது. பறவைக்கோ குரல் எழுப்பும் உறுப்பு மூச்சுக்குழலின் அடியில், அது இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே இயக்கவல்ல பறவைகளும் உண்டு. ஆகவே ஒரே சமயத்தில் இரு சுரங்களை எழுப்பவும் அவற்றால் முடிகிறது. அதைவிட விந்தையானது இன்னொன்று. பாடும் பறவை இனங்களில், குஞ்சு பிறக்கும்போதே முழுப் பாட்டுடன் பிறப்பதில்லை. பெரிய பறவைகள் பாடுவதைக் கேட்டு, தானும் முணுமுணுத்து, பிழை செய்து, திருத்திக் கொண்டு கற்கிறது. பாட்டு, இரத்தத்தில் வருவது மட்டுமன்று. பாடம் கேட்டும் வருவது. நம் குருகுல முறை அங்கேயும் உண்டு என்று சொல்லலாம்.

பெரும்பாலும் ஆண் பறவையே இவ்வாறு பாடுகிறது. நமது இன்பத்திற்காக அது பாடவில்லை. இந்த இடம் என்னுடையது, இங்கே வேறு ஆண் நுழையக் கூடாது என்பது அந்தப் பாட்டின் ஒரு பொருள். இங்கே நான் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன் என்று பெட்டைக்குச் சொல்வது இன்னொரு பொருள். அடர்ந்த காட்டில் கண் அதிக தூரம் செல்லாது, குரல் செல்லும். விடியற்காலையில் காற்று அடங்கியிருப்பதால் குரல் இன்னும் தெளிவாகச் செல்லும். ஆபத்து நேரும்போது மட்டும் அதன் குரல் மாறி, கரகரவென்ற கடுமையான ஒலியாக வெளிப்படும்.

கூடு கட்டும் காலம் கோடையை ஒட்டி, பெருமழைக்கு முன்னதாகவே தொடங்குகிறது. மரத்தின் பொந்திலோ, ஓடைக்கரை மண்ணின் குழிவிலோ, பாசியையும் மெல்லிய வேர்களையும் கொண்டு கூடு அமைக்கும். பொதுவாக இரண்டு முட்டைகளே இடும். ஊர்க்குருவி நான்கும் ஐந்தும் இட்டு, ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிப்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டே முட்டையிடும் பறவை, இழந்ததை விரைவில் ஈடு செய்ய முடியாது. சிக்கனமான குடும்பம் எதிர்பாராத செலவில் தடுமாறுவது போலத்தான்.

இப்பறவையை அறிவுலகம் அறிந்து கொண்ட வரலாறும் சுவையானது. 1836-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், ஓய்வு நேரத்தையெல்லாம் பறவை ஆராய்ச்சியில் செலவிட்டார். 1840-களில் அவரே நீலகிரிப் பறவைக்கு முதன்முதல் அறிவியற் பெயர் சூட்டினார். பழனிமலையில் வாழும் வெண்வயிற்றுப் பறவைக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு என்ற அறிஞர் பெயர் சூட்டினார். ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் அம்மலையில் சேகரித்த பறவையைக் கொண்டே அவர் அதனை விவரித்தார். அது முதல் இப்பறவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத வழக்கு. ஒருவர் இதனைக் குறுஞ்சிறகன் இனம் என்றார். மற்றொருவர் இமயமலைப் பக்கத்து நீல ராபின் இனம் என்றார். ஒரு குழந்தையை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாறி மாறி அமர வைப்பது போல, நூலுக்கு நூல் இதனை இடம் மாற்றி வைத்தார்கள்.

இந்த வழக்கு அண்மையில்தான் தீர்ந்தது. நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் பிற நாட்டு அறிஞர்களும் சேர்ந்து மலை மலையாக ஏறினார்கள். மெல்லிய வலையில் பறவையை ஊறு நேராமல் பிடித்து, உடலை அளந்து, ஒரு துளி இரத்தம் எடுத்து, காலில் வளையமிட்டு விட்டுவிடுவது அவர்கள் முறை. அந்த ஒரு துளியில் உள்ள மரபணுக்களைப் படித்தபோது உண்மை வெளிப்பட்டது. இப்பறவை குறுஞ்சிறகனும் அன்று, ராபினும் அன்று. பறந்து பூச்சி பிடிக்கும் ஈப்பிடிப்பான்களின் கிளையிலிருந்து மிகப் பழங்காலத்தில் பிரிந்து, இந்த மலைகளிலேயே தனித்து வளர்ந்த ஒரு வம்சம். ஆகவே 2017-இல் இதற்கென்றே ஒரு புதிய பேரினத்தை வகுத்து, 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். 'சோலையில் வாழ்வது' என்பது அதன் பொருள். பாதி தமிழ், பாதி இலத்தீன்.

அதே ஆராய்ச்சி இன்னொரு செய்தியையும் தந்தது. சோலைக்கிளி ஒன்று அல்ல, மூன்று. தமிழகத்தின் படத்தை மனத்தில் விரித்துக் கொள்ளுங்கள். வடக்கே நீலகிரி. அதற்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய். அதனைத் தாண்டினால் ஆனைமலையும் பழனிமலையும். இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதற்கும் தெற்கே பொதிகையை உள்ளிட்ட அகத்தியமலைத் தொகுதி. நீலகிரியில் வாழ்வது செங்காவி விலா கொண்ட சோலைக்கிளி. ஆனைமலையிலும் பழனிமலையிலும் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. அதன் விலாவில் செம்மை இல்லை, நீலம் படர்ந்திருக்கும். பொதிகைப் பக்கத்தில் வாழ்வதும் ஏறக்குறைய அதனைப் போலவே தோன்றினாலும் தனியினம் என்று 2017-இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆறுகளைக் கொண்டு நினைவில் வைத்துக் கொள்வதானால், பவானி பிறக்கும் மலையில் ஒன்று, அமராவதி பிறக்கும் மலையில் ஒன்று, தாமிரபரணி பிறக்கும் மலையில் ஒன்று என்று சொல்லலாம்.

ஒரு வம்சம் மூன்றானது எவ்வாறு? பாலக்காட்டுக் கணவாயின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வலசை போகும் வாத்துக்கு அது ஒரு தூரமே அன்று. மயிலும் காக்கையும் அங்கே இயல்பாக வாழ்கின்றன. ஆனால் குளிரிலும் ஈரத்திலும் நிழலிலும் மட்டுமே வாழப் பழகிய சோலைக்கிளிக்கு, அந்த வெப்பமான சமவெளி ஒரு கடல். இரண்டு கரையிலும் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று காணாமல் பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்தன. காலம் செல்லச் செல்ல நிறம் வேறாயிற்று; உடலின் அளவுகள் வேறாயின; இனமே வேறாயிற்று. தீவுகளில் உயிர்கள் தனித்து வளர்ந்து புதிய இனங்களாவதைப் பற்றி டார்வினின் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்காகப் பசிபிக் கடல் வரை போக வேண்டியதில்லை. கோயமுத்தூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே போதும். இந்த மலையுச்சிகளை 'வானத்துத் தீவுகள்' என்று அறிஞர்கள் அழைப்பது மிகப் பொருத்தமே.

பாட்டும் அவ்வாறே மாறியது. வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டைப் பல மலைகளில் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. மலைக்கு மலை பாட்டு வேறுபடுவதை அது எடுத்துக் காட்டியது. மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் நெல்லைத் தமிழும் ஒரே மொழியாயினும் ஓசையில் வேறுபடுவதை நாம் அறிவோம். பேசுவோர் கலந்து பழகாவிட்டால் பேச்சு பிரிகிறது. பறவைக்கும் அதே விதிதான்.

இதுவரை சொன்னது இயற்கை செய்த பிரிவு. இனிச் சொல்லப் போவது மனிதன் செய்த பிரிவு.

1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த சல்லிவன் உதகையில் வீடு கட்டிய பின், நீலகிரியில் ஊரும் சாலையும் தோட்டமும் பெருகின. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் வாட்டில் மரமும் கொண்டு வரப்பட்டன. முதலில் விறகுத் தேவைக்கு என்றார்கள். பின்னர் தோல் பதனிடுவதற்குப் பட்டை வேண்டும், தொழிற்சாலைகளுக்குக் கூழ் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகளில் பெருமளவு நட்டார்கள். தேயிலையும் பரவியது. நீலகிரியிலும் பழனிமலையிலும் பழைய புல்வெளியில் பெரும்பகுதி இன்று அயல்நாட்டு மரங்களாலும் தோட்டங்களாலும் மூடப்பட்டுவிட்டது. சோலைகள் பலவும் துண்டு துண்டாக எஞ்சின.

இதில் நாம் யாரையும் எளிதில் பழித்துவிட முடியாது. குளிர்காலத்தில் அடுப்பெரிக்க விறகு வேண்டும். உழைப்பவருக்குக் கூலி வேண்டும். தேயிலைத் தோட்டத்தை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் மரம் நடுவதே நற்செயல் என்று கருதித்தான் பலர் நட்டார்கள். ஆனால் எந்த மரத்தை, எந்த இடத்தில் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. புல்வெளியும் ஒரு செல்வமே என்பது நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. தரிசு நிலம் என்றே அதனைக் கணக்கெழுதினார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதானே, பறவைக்கு என்ன குறை என்று கேட்கலாம். வரிசையாக நட்ட தைலமரத் தோப்பில் சோலையின் ஈர இருள் இல்லை. பாசியும், வேரிடுக்கும், மட்கிய மெத்தையும் இல்லை. நமக்குப் பச்சையாகத் தெரிவது சோலைக்கிளிக்குப் பாலைவனமாக இருக்கலாம். ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே ஒரு தேயிலைச் சரிவோ நகரமோ குறுக்கிட்டால், அதனைத் தாண்ட இப்பறவை தயங்குகிறது. 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஆனைமலை, பழனிமலைப் பகுதியில் மனிதன் காட்டைத் துண்டாடியதன் தடம் சோலைக்கிளியின் இரத்தத்திலேயே பதியத் தொடங்கிவிட்டதைக் காட்டியது. கணவாய் பல இலட்சம் ஆண்டுகளில் செய்ததை நாம் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளில் செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கணவாய் பிரித்தபோது இரு கரையிலும் பெரிய கூட்டங்கள் இருந்தன; ஆகவே அவை வாழ்ந்து, வளர்ந்து, புதிய இனங்களாயின. சிறு துண்டில் சிக்கிய சிறு கூட்டத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு நோயோ, ஒரு காட்டுத்தீயோ, ஒரு கடுங்கோடையோ அதனைத் துடைத்துவிடக் கூடும்.

வெப்பம் பற்றியும் ஒரு சொல். உலகம் சூடேறி வருகிறது என்று நாள்தோறும் கேட்கிறீர்கள். சமவெளியில் சூடு மிகுந்தால் பறவை சற்று மேலே ஏறலாம். மலைச்சரிவில் இருப்பது இன்னும் மேலே ஏறலாம். ஆனால் உச்சியிலேயே இருப்பது எங்கே ஏறும்? தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் வானம்தான் இருக்கிறது. வானத்தில் சோலை இல்லை.

மாணவ நண்பர்களே, இதனைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. நம்பிக்கைக்கும் இடம் உண்டு. எஞ்சிய சோலைகளில் பலவும் இன்று காப்பில் இருக்கின்றன. முக்கூர்த்தி 1990 முதல் தேசியப் பூங்காவாக இருந்து வருகிறது. கோத்தகிரியருகே ஊரை ஒட்டியே இருக்கும் லாங்வுட் சோலை நூறு ஹெக்டேருக்குச் சற்றே அதிகமானது; அங்குள்ள மக்களின் அக்கறையும் சேர்ந்தே அதனைக் காத்து வருகிறது. அத்தகைய சிறு சோலையிலும் சோலைக்கிளி பாடுகிறது. அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகளும், நாற்றங்காலில் சோலை மரக்கன்றுகளை வளர்த்து நடும் முயற்சிகளும் மலைகளில் நடைபெற்று வருகின்றன. அவை மெதுவான வேலை. ஒரு தலைமுறை நட்டு, மறுதலைமுறை நிழலில் அமரும் வேலை.

நீங்கள் என்ன செய்யலாம்? உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா போகும்போது, ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அனுமதி பெற்று, வழி தெரிந்த ஒருவருடன், ஒரு சோலையின் ஓரத்தில் விடியற்காலையில் அரைமணி நேரம் பேசாமல் நில்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கேட்ட ஒலியை, கண்ட நிறத்தை, நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பறவையை வரவழைப்பதற்காக அதன் பாட்டைக் கருவியில் ஒலிக்கச் செய்யாதீர்கள். தன் இடத்தில் பகைவன் நுழைந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டுவிட்டு அது அலையும். கூட்டின் அருகே போகாதீர்கள். பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். இவை சிறு செயல்களே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இலட்சக்கணக்கானோர் ஏறும் மலையில் சிறு செயல்களுக்குப் பெரிய பயன் உண்டு.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துக் கொள்கிறேன். சோலைக்கிளியால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். அது வாழும் சோலைதான் பவானிக்கும் அமராவதிக்கும் தாமிரபரணிக்கும் நீர் ஊட்டுகிறது. ஆகவே அது நலமாக இருக்கிறது என்றால் நம் கழனியின் ஊற்றுக்கண்ணும் நலமாக இருக்கிறது என்று பொருள். இது ஒரு விடை. ஆயினும் இந்த ஒரு விடையோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. நமக்கு முன்பே, பல இலட்சம் ஆண்டுகளாக, இந்த மலைகளைத் தன் வீடாகக் கொண்டு வாழும் குடி அது. தந்தையிடம் மகன் கேட்டுக் கற்ற பாட்டை இன்றுவரை அறுந்து போகாமல் காத்து வந்திருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டுக் கற்கும் அடுத்த குஞ்சு இருக்குமா என்பது இப்போது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. உங்களில் சிலர் தாவரவியலும் விலங்கியலும் பயின்று, வனத்துறையிலும் ஆராய்ச்சியிலும் நுழைவீர்கள். மற்றவர்கள் ஆசிரியராகவும் பொறியாளராகவும் அதிகாரியாகவும் அமர்வீர்கள். ஒரு மலைச்சரிவைக் குறித்து முடிவெடுக்க வேண்டிய தாள் ஒன்று என்றேனும் உங்கள் மேசைக்கு வரக்கூடும். அன்று, அந்தச் சரிவின் நிழலில் நீலமாக ஒரு சிறு பாடகன் குடியிருக்கிறான் என்பது உங்கள் நினைவுக்கு வருமானால், இன்று நான் பேசியதன் பயனை அடைந்தவனாவேன்.